தலையெண்ணி அம்மா

வேன் கதவோரம் நின்று அந்த அம்மா பிள்ளைகளை எண்ண ஆரம்பித்தால் டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். பதினோரு வருஷமாகத் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறார். ஏற்றும்போது ஒருதரம், இறக்கும்போது ஒருதரம், தண்ணீர் குடிக்க நிறுத்தினால் போகையில் ஒன்று, வருகையில் ஒன்று. ஒருநாளைக்கு முப்பது தடவையாவது எண்ணுவார். அந்த முப்பதில் ஒன்றைக்கூட டிரைவரிடம் விட்டதில்லை. வண்டியை மட்டும் நம்பி விடுவார். கொட்டும் மழையில், பிரேக் சூடேறி நாற்றமடிக்கும் இறக்கத்தில், பின்னால் இருபதுக்கு மேல் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் வாயைத் திறந்தபடி தூங்குவார். எண்ணுவது மட்டும் கூடாது.

"நீங்க வண்டியப் பாருங்கண்ணே. தலைய நான் பாத்துக்கறேன்."

அவர் எண்ணுவது நாம் எண்ணுகிற மாதிரி இல்லை. வாரத்தில் ஐந்து நாள் மருந்துக்கடையில் நிற்கிறவர்; சனிக்கிழமைகளில் பிள்ளைகளின் நடைக்குழுவைக் கூட்டிப்போகிறவர். தட்டில் மாத்திரையைக் கொட்டி, சின்னக் கரண்டியால் ஐந்தைந்தாக ஒதுக்கித் தள்ளிப் பழகிய கை. பிள்ளைகள் முன்னாலும் அதே கைதான். இரண்டு விரலைச் சேர்த்து நீட்டி, காற்றிலேயே ஐந்து பேரை ஒதுக்குவார். அஞ்சு, பத்து, பதினஞ்சு என்று உதடு மட்டும் அசையும். நடுவில் யாராவது தும்மினால்கூட மறுபடி முதலிலிருந்து. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் தலையெண்ணி. அது அவர் காதுக்கும் போயிற்று.

"தலையெண்ணின்னா கூப்பிடுறீங்க? நல்லாக் கூப்பிடுங்க. தொலைஞ்சு நிக்கும்போது இந்தப் பேரச் சொல்லித்தான் அழுவீங்க."

அவர் வீட்டுக்காரர் ஒருமுறை வழியனுப்ப வந்தபோது டிரைவரிடம் ரகசியமாகச் சொன்னார்: "வீட்ல நாங்க ரெண்டே பேரு. சாப்பிட உக்காந்தா ரெண்டு பேரும் இருக்கமான்னு ஒருதரம் பாத்துட்டுத்தான் தட்டு வைக்கிறா."

டிரைவர் சிரித்தார். சிரிப்பு உள்ளே இறங்கவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. அன்றைக்கும் இதே நடைக்குழுதான்; பழைய போர்க்களம் ஒன்றைப் பூங்காவாக்கிய இடத்துக்குப் போயிருந்தார்கள். பத்தொன்பது பிள்ளைகள். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஓடி வந்து ஏறினார்கள். ஒரு சின்னவளுக்குக் காலில் ரத்தம். அம்மா அவளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, "அண்ணே, கொஞ்சம் எண்ணிடுங்க" என்றார். டிரைவர் தன் சீட்டைவிட்டு எழவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்து எண்ணினார். பத்தொன்பது. "எல்லாம் இருக்கும்மா, போலாம்" என்று கிளப்பிவிட்டார். பதினான்கு கிலோமீட்டர் போன பிறகுதான், கண்ணாடியில் தெரிந்த தன் சொந்தத் தலையையும் சேர்த்து எண்ணியது தெரிந்தது. திரும்பிப் போனபோது விட்டுப்போன பையன் பூங்காவின் ஒன்பதாம் எண் கல்லுக்குப் பக்கத்தில், பழைய பீரங்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான்.

பையனின் அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அம்மா தலைகுனிந்து நின்று, "நான்தாங்க எண்ணினேன். என் தப்புதான்" என்றார். டிரைவரைக் கைகாட்டவே இல்லை. அப்புறம் தனியாக வந்து, கோபமே இல்லாத குரலில், "இனிமே நீங்க எண்ண வேணாம்ணே" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் டிரைவர் அன்றைக்கே மறந்திருப்பார். திட்டாததுதான் இத்தனை வருஷமாக அறுக்கிறது.

போன சனிக்கிழமை மறுபடியும் அந்தப் பூங்காவுக்குச் சவாரி. வழக்கமாக வரிசையின் கடைசியில் ஒரு தபால்காரர் நடப்பார்; அவருக்கு வால் என்று பெயர். வாலுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும் அவர் பையோடு அவர் வீட்டிலேயே இருந்துவிட்டது. இருபத்து மூன்று பேரில் எட்டுப் பேர் அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்தவர்கள். மற்றவர்களுக்கு அவர்கள் முகமே இன்னும் பழகவில்லை.

"இன்னிக்கு நீங்கதாண்ணே வால்" என்றார் அம்மா.

"வரேன்மா."

"கடைசிப் பிள்ளைக்குப் பின்னாலயே வாங்க. யாரையும் பின்னால விடாதீங்க." இரண்டடி போய்த் திரும்பினார். "எண்ணாதீங்க."

அந்தக் கடைசி வார்த்தையை விழுங்கிக்கொண்டு டிரைவர் நடந்தார்.

காலையிலிருந்தே அம்மாவின் போக்கு சரியில்லை. வேனில் ஏறும்போது கதவுக் கம்பியில் இடது தோளை இடித்துக்கொண்டார். டீக்கடையில் இடது பக்கம் வைத்த தம்ளரைத் தட்டிவிட்டார். "தூக்கம் பத்தல" என்றார். டிரைவர் தம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தார். எண்ண லாயக்கில்லாதவன் புத்தி சொல்ல மட்டும் லாயக்கா என்று இருந்துவிட்டார்.

அந்தப் பூங்கா, பார்த்தால் வெறும் புல்வெளிதான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு படைகள் ஒருநாள் முழுக்க வெட்டிக்கொண்ட இடம் என்று சொன்னால்தான் தெரியும். பன்னிரண்டு இடத்தில் எண் போட்ட கல் நட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு நீளமான பள்ளம். வீரர்கள் பதுங்கியிருந்த இடமாம். இப்போது அதில் மார்பளவு நாணல், அடியில் மழைத்தண்ணீர். எட்டாம் கல்லருகே ஒரு பலகை. காலையில் நின்றவர்கள் இத்தனை, மாலையில் நின்றவர்கள் இத்தனை, செத்தவர்கள் இத்தனை என்று இரண்டு படைக்கும் கணக்கு. கடைசியில், எதிலும் சேராத ஒரு வரி: காணாமல் போனவர்கள், நானூற்றுப் பதினொன்று. ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளை அந்தப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு, அம்மா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

"காணாமப் போனவங்க எங்க ஆன்ட்டி போயிருப்பாங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"போனவங்க போயாச்சு. நீ வரிசையில நில்லு."

ஒன்பதாம் கல்லில் பனி இறங்க ஆரம்பித்தது. பகல் மூன்று மணிதான். ஆனால் இருபதடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. அம்மா பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து விரலை நீட்டினார். அஞ்சு. பத்து. பதினஞ்சு. இருபது. இருபத்திரெண்டு.

விரல் அந்தரத்தில் நின்றது.

மறுபடி எண்ணினார். இருபத்திரெண்டு. மூன்றாம் தரம் ஒவ்வொருவராக எண்ணினார். இருபத்திரெண்டுதான்.

"யாரு இல்ல? பக்கத்துல யாரு இல்ல, பாத்துச் சொல்லுங்க!"

"எல்லாரும் இருக்கம் ஆன்ட்டி" என்றான் ஒருவன்.

"எல்லாரும்னா யாரு? அந்தப் புதுப் பிள்ளைங்க எட்டுப் பேரோட பேரும் சொல்லு பாப்பம்!"

அவனுக்கு ஐந்துக்கு மேல் தெரியவில்லை. அம்மாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பள்ளத்தின் பக்கம் திரும்பினார். அங்கே நாணல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. "தண்ணியில யாராவது இறங்கினீங்களா? விளையாட்டுக்காவது? உண்மையச் சொல்லுங்க, அடிக்க மாட்டேன்!" சின்னது ஒன்று விசும்ப ஆரம்பித்தது.

"அண்ணே, இவங்கள விட்டு ஒரு அடி நகராதீங்க. நான் காவலர்கிட்டப் போய் ஆள் கூப்பிடுறேன்." ஓடிக்கொண்டே பள்ளத்தைப் பார்த்துக் கத்தினார்: "யாருப்பா அங்க? குரல் குடுங்கப்பா!" யாரென்று தெரியாததால் கூப்பிட ஒரு பெயர்கூட இல்லை அவரிடம்.

பூங்காக் காவலர் குடிசை முந்நூறடி தள்ளி; செல்போன் எடுக்காத அந்தப் பூங்காவில் போன் இருப்பது அங்கே மட்டும். அங்கிருந்து ஒரு போன் போனால் போதும். தேடுகிற ஆட்கள் வருவார்கள், பெற்றவர்கள் அத்தனை பேருக்கும் செய்தி போகும்.

டிரைவர் இங்கே பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏனென்றால் அந்த அம்மா மூன்று தரம் எண்ணும்போது, சொன்ன பேச்சைக் கேட்காமல், அவரும் மனசுக்குள் எண்ணிவிட்டார். அவருக்கு இருபத்து மூன்று வந்தது.

தன்னைச் சேர்த்துவிட்டோமா? மறுபடி எண்ணினார். தன்னை விட்டு எண்ணினார். இருபத்து மூன்று. ஆனாலும் வாய் வரவில்லை. "எல்லாம் இருக்கும்மா, போலாம்" என்று அன்றைக்கும் இதே வாய்தானே சொன்னது? இன்றைக்கும் அதையே சொல்லி, தேடுவதை நிறுத்தி, அப்புறம் அந்தத் தண்ணீரில் ஒரு பிள்ளை கிடந்தால்? அம்மாவின் எண்ணிக்கை இதுவரை ஒருநாளும் தப்பியதில்லை. தப்பிய எண்ணிக்கை டிரைவருடையதுதான். அம்மா ஒருபக்கம் ஓடுகிறார், இவர் காலில் வேர் விட்டவர் மாதிரி நிற்கிறார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. எண் என்றாலே அவருக்குச் சந்தேகம். ஆனால் வண்டி தெரியும்.

"ஏய் பிள்ளைங்களா! எல்லாரும் கீழ உக்காருங்க. வேன்ல எப்படி உக்காந்து வந்தீங்களோ, அதே மாதிரி. இதான் வேன். நான் நிக்கிற இடம் என் சீட்டு."

"மாமா, விளையாடுற நேரமா இது?"

"உக்காருடா சொல்றேன்! ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டியே, அந்த ஜன்னல்ல போய் உக்காரு!"

ஈரப்புல்லில் ஒரு வேன் உருவாயிற்று. வலப்பக்கம் இரட்டை, இடப்பக்கம் ஒற்றை, ஆறு வரிசை. கடைசியில் ஐந்து பேர் நெருக்கியடிக்கும் நீள சீட்டு. "நீ என் பக்கத்துல இல்ல, முன்னாடி." "இவன்தான் வாந்தி வருதுன்னு மாறி உக்காந்தான் மாமா." ஒருவரை ஒருவர் இழுத்து, தள்ளி, அவர்களே இடத்தைச் சரிபண்ணிக்கொண்டார்கள். பெயர் தெரியாவிட்டாலும் பக்கத்தில் இடித்துக்கொண்டு வந்த தோள் தெரியுமே. டிரைவர் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். வாலுடைய மடக்கு சீட்டு காலி. அம்மாவின் சீட்டு காலி. தன் சீட்டு காலி. வேறு காலியே இல்லை. இன்னொருதரம் நடந்தார். இல்லை.

அவர் தொண்டை கிழியக் கத்தினார்: "அம்மா! போன் போடாதீங்க! ஒரு சீட்டும் காலியில்ல!"

அம்மா மூச்சிரைக்க வந்தார். முழங்காலில் சேறு, வழியில் விழுந்திருக்கிறார். புல்லில் உட்கார்ந்திருந்த வேனைப் பின்பக்கத்திலிருந்து பார்த்ததும் அவருக்கு உடனே புரிந்தது. விரலை நீட்டி எண்ணினார். இருபத்திரெண்டு என்றது உதடு.

அப்போதுதான் டிரைவர் பார்த்தார். இடது ஓரம் ஒற்றைச் சீட்டில் கடைசியாக உட்கார்ந்திருந்தவள், கொக்கு என்று எல்லோரும் கூப்பிடுகிற நெட்டைப் பெண். இருப்பதிலேயே உயரமான பிள்ளை. அம்மாவின் விரல் அவளுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. வரிசையில் நின்றபோதும் கொக்கு இடது ஓரத்தில்தான் நின்றாள். டிரைவர் மெல்ல நடந்து அம்மாவின் இடப்பக்கம் போய், கையெட்டும் தூரத்தில் நின்றார். அம்மா திரும்பவில்லை. வலப்பக்கம் பார்த்து, "அண்ணே, எங்க போனீங்க?" என்றார்.

"இங்கதாம்மா இருக்கேன்."

அம்மா திடுக்கிட்டுத் தலையை முழுசாகத் திருப்பினார். அவரைப் பார்த்தார். அவருக்கு அப்பால் கொக்கைப் பார்த்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

பிள்ளைகள் எழுந்து புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்த சமயம், இருவரும் பீரங்கிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார்கள்.

"எவ்வளவு நாளாம்மா?"

"ரெண்டு மாசம். இந்தப் பக்கம் திரை போட்ட மாதிரி. ஆஸ்பத்திரிக்குப் போகணும், போகணும்..." குரல் தேய்ந்தது. "கடையில இப்ப நான் எண்ணுறதில்லண்ணே. கூட வேல பாக்குற பொண்ணுதான் எண்ணுது. மாத்திரை தப்பினா ஆளு போயிடும்ல."

"அப்ப பிள்ளைங்கள எண்ணுறது?"

அம்மா முழங்காலில் இருந்த சேற்றைச் சுரண்டினார். "இத விட மனசு வரல. விட்டா அடுத்த சனிக்கிழமை என்னைக் கூப்பிட மாட்டாங்க." அப்புறம், "குறைச்சு எண்ணினேன், தப்பிச்சோம். உண்மையிலயே ஒண்ணு குறைஞ்சிருந்தா? பயத்துல எதையாவது ரெண்டுதரம் எண்ணி, இருபத்து மூணுன்னு சொல்லியிருந்தா?"

"திங்கக்கிழமை காலையில வண்டியோட வாசல்ல நிக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போறம்" என்றார் டிரைவர்.

"யார்கிட்டயும்..." என்று ஆரம்பித்தார் அம்மா. அவர் அந்தப் பேச்சை முடிக்கவில்லை.

பன்னிரண்டாம் கல்வரை அம்மா தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே நடந்தார். கொக்கைத் தன் இடது கையில் பிடித்துக்கொண்டிருந்தார். "ஆன்ட்டி, நான் ஒன்பதாவது படிக்கிறேன், கைய விடுங்க" என்றாள் அவள். அம்மா விடவில்லை.

பனிக்குள் வேனின் மஞ்சள் விளக்கு தெரிந்தது. டிரைவர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். வழக்கமாகப் பிள்ளைகள் ஏறுவார்கள், அம்மா கீழே நின்று விரலை நீட்டுவார், கடைசியாகத்தான் ஏறுவார். அன்றைக்கு அவர் எல்லோருக்கும் முன்னால் கம்பியைத் தடவிப் பிடித்து ஏறி, தன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பின்னாலேயே பிள்ளைகள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். டிரைவர் சுற்றிவந்து தன் இடத்தில் உட்கார்ந்து, சாவியைச் செருகி, திருப்பாமல் காத்திருந்தார்.

அம்மா இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டார். முன் கண்ணாடியையே பார்த்தபடி இருந்தார்.

"நீங்க எண்ணுங்கண்ணே" என்றார். கையை நீட்டித் தலைக்கு மேலிருந்த அந்தச் சின்னக் கண்ணாடியை மேல்பக்கமாக மடக்கிவிட்டார். "எந்திரிச்சு, திரும்பி நின்னு எண்ணுங்க."