அவள் சரியாகத்தான் மூடியிருந்தாள்

எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷம் தள்ளிப்போட்டேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், விஞ்ஞானம் பேச எனக்கென்ன தகுதி? ஆனால் இதை மறைத்துக்கொண்டு முருகனுக்கு விளக்கேற்றக் கை கூசுகிறது.

குகட்பள்ளியில் எங்கள் வீடு; மகள் பேச்சில் தெலுங்கும் உருதும் கலந்து வரும். ஆராய்ச்சி படித்துக்கொண்டிருந்த என் மகள், ஆய்வகத்தில் ஏ.சி. பழுதென்று ஒரு கண்ணாடி ஜாடியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். உள்ளே ஏரியின் கறுப்புச் சேறு, அதில் புதைத்த ஒரு கரித்துண்டு. கரியிலிருந்து வெளியே வரும் கம்பியில் கடுகளவு சிவப்பு விளக்கு. யார் கையும் படாத இடமென்று பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள். பத்து எண்ணுவதற்குள் ஒருமுறை மின்னும்.

“பேட்டரி எங்கேம்மா?”

“லேதுப்பா. சேத்துல இருக்கிற பாக்டீரியாதான். சாப்பிட்டதுல மிஞ்சற எலக்ட்ரானை நாம மூச்சுக்காத்துகிட்ட தள்ளிவிடறோம். இதுங்களுக்குக் காத்து கிடையாது. அதனால உடம்புக்கு வெளியே, அந்தக் கரித்துண்டுல தள்ளுதுங்க. அதுக்குன்னே ஒரு புரதம். உள்ளே இரும்பு வரிசையா, படிக்கட்டு மாதிரி. நம்ம ரத்தத்துல இருக்கே, அதே இரும்பு. எலக்ட்ரான் படிப்படியா தாவி வெளியே வரும்.”

“அப்போ இது மின்னறது?”

“மூச்சு விடுதுன்னு வெச்சுக்கோங்க. திங்கட்கிழமை சாருக்குக் காட்டணும். நக்கோ அப்பா, தொடாதீங்க.”

மூச்சு. அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. பூஜையில் உட்கார்ந்தால் கண் சாமியிடம் போகாமல் கீழே இறங்கும். நான் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அது மின்னியது. ஒருநாள் அடக்கிப் பார்த்தேன். நான் விடும்வரை அதுவும் இருண்டே கிடந்தது. தற்செயலாக இருக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் கரண்ட் போனது. மகள் வெளியே போயிருந்தாள். வீட்டில் சாமி விளக்கும் அந்தச் சிவப்புப் புள்ளியும்தான். இறுக மூடிய ஜாடிக்குள் எத்தனை உயிர் மூச்சு முட்டித் தவிக்கிறதோ என்று மனசு கேட்கவில்லை. “முருகா” என்று மூடியைத் திருகித் திறந்தேன். அழுகிய முட்டை வாடை. பத்து எண்ணினேன். நூறு எண்ணினேன். மின்னவில்லை. அவசரமாக மூடினேன். அப்போதும் இல்லை.

“என்னப்பா, லைட் எங்கே?” வந்ததும் கேட்டாள்.

“மலையேறிடுச்சும்மா.” விளக்கு அணைந்தது என்று எங்கள் வீட்டில் சொல்ல மாட்டோம்.

“எந்த மலை, பழனியா?” என்று சிரித்தவள் ஜாடியைப் பார்த்ததும் அடங்கிப் போனாள். “உள்ளே காத்து போயிருக்கு. காத்து கிடைச்சா எலக்ட்ரானை அதுகிட்டயே கொடுத்துடும், கரிக்கு வராது. நான்தான் மூடியை ஒழுங்கா திருகலை.”

நோட்டில் தன் தவறென்றே எழுதினாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை திட்டு வாங்கிக்கொண்டு, முகம் வீங்கி, ஜாடியோடு திரும்பி வந்தாள்.

புதன்கிழமை காலை கற்பூரம் காட்டும்போது, கீழ்த்தட்டில் சிவப்பாக ஒரு மின்னல். நான் மூச்சை இழுத்த அதே நொடி. உள்ளே போன காற்றை பாக்டீரியா தின்று தீர்த்திருக்கும் என்றாள் மகள். விஷயம் கேட்ட உறவுக்காரர்களோ முருகன் ஜோதி என்று பரப்பிவிட்டார்கள்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஜோதியெல்லாம் சேர்க்க வேண்டாம், என் மானத்துக்காக எதையும் குறைக்கவும் வேண்டாம். மூடியைத் திறந்தது அவள் அப்பன். அவள் சரியாகத்தான் மூடியிருந்தாள்.