கிழக்கே போன விளக்குக் கோடு

என் மூத்த பேரன் ஜான் பள்ளி இறுதித் தேர்வில் முதல் வகுப்பில் தேறிவிட்டான். அவன் தங்கை லில்லிக்கு நர்சுப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. வருகிற மாதம் வெள்ளை உடுப்புப் போடுவாள். அடுத்தவள் சபைக் கூட்டத்தில் நீளமான சங்கீதம் ஒன்றை ஓரிடத்திலும் தட்டாமல் ஒப்புவித்து முதல் பரிசு வாங்கினாள். கடைக்குட்டி தாமசுக்கு எட்டு வயது. தமிழும் மலையாளமும் அச்சடித்ததுபோல எழுதுவான். பெருமைக்குச் சொல்கிறேன் என்று சபையார் நினைக்கலாம். பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் மகள் வயிற்றுப் பிள்ளைகள் நால்வருக்கும் கைபிடித்து முதல் எழுத்தை எழுதவைத்தவர் ஞானப்பூ டீச்சர். ஜான் தேறிய சேதி வந்த அன்று ஒரு பொதி மிட்டாயோடு அவர் வீட்டுக்குத்தான் முதலில் கிளம்பினேன். பாதி வழியில் கோயில் மணி ஒற்றை ஒற்றையாக அடித்தது. எதிரே வந்த ஒருத்தி, "டீச்சரைப் பாக்கவா போறிய, எஸ்தரக்கா? அந்த மணி டீச்சருக்காக்கும்" என்றாள். மிட்டாய்ப் பொதியை என்ன செய்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

அடக்கத்தில் என்னைவிட உரக்க அழுதவர்கள் யாருமில்லை. அதைப் பார்த்துத்தான் போதகர் ஐயா, "டீச்சரைப் பற்றி நம் இதழுக்கு நீங்களே எழுதிக்கொடுங்கள்" என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதுவரை டீச்சரும் நானும் ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு எனக்குத் தாலி, அவருக்குப் புத்தகம். ஆனாலும் நாற்பது வருஷமாக அவர் வீட்டுக் கொல்லைவழியாகவே உள்ளே போய் வந்தவள் நான். ஐயா கேட்டது நல்ல வார்த்தை. நல்லதை முதலில் எழுதுகிறேன்.

மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார அம்மா ஊருக்குத் திரும்பும்போது தன் பெட்டிக் கேமராவை டீச்சருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நாம் குடும்பப் படம் எடுக்கிற சாதாரணக் கேமராதான். டீச்சர் அதைக்கொண்டு வானத்தைப் படம் எடுத்தார். அமாவாசையை ஒட்டிய நாட்களில், மாலை ஜெபம் முடிந்ததும் கேமராவைக் கிணற்றுச் சுவரில் கிழக்கே பார்த்து வைப்பார். முன்பக்கம் ஒரு சிரட்டைத் துண்டு கொடுத்து முகத்தை லேசாக உயர்த்துவார். மேலே உள்ள தகட்டை இழுத்துவிட்டால் கேமராவின் கண் திறந்தபடியே நிற்கும். பிறகு உள்ளே போய்ச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து மூடுவார். அதுதான் அவருக்குக் கணக்கு. படச்சுருள் தபாலில் நாகர்கோவில் ஸ்டூடியோவுக்குப் போய், படமாகத் தபாலிலேயே வரும். ஒவ்வொரு நட்சத்திரமும் நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டிருக்கும்.

"நட்சத்திரம் நடக்குதாட்டி?" என்று கேட்டேன்.

"நாமாக்கும் சுத்துதோம். கேமரா ஆடாம அனங்காம இருந்தா போதும், அது எல்லாத்தையும் குறிச்சு வைக்கும்" என்றார்.

ஒருநாள் இது தெரியாமல் கையில் ராந்தலோடு கிணற்றடியைத் தாண்டிப் போனேன். "எட்டி எஸ்தரு! திறந்து வச்ச கேமராவுக்கு முன்னால விளக்கு எடுக்கப்பிடாதுன்னு எத்தனை மட்டம் சொல்லணும்?" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. "ஒரு மட்டமாவது சொன்னியாட்டி நீ?" என்றேன். சிரித்துவிட்டார். அந்தப் படம் வந்தபோது, நட்சத்திரக் கோடுகளுக்குக் கீழே என் ராந்தல் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இழுத்திருந்தது. ஆளைக் காணவில்லை, விளக்கு மட்டும்தான். டீச்சர் அதன் பின்னால் எழுதி எனக்கே தந்தார்: "எஸ்தரு, இந்தக் கோடு நீயாக்கும்."

இனி எழுதுவது ஐயா கேட்காதது.

நம் தாலூக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் தொடங்கிய வருஷம், என் மகன் சாமுவேல் சுவரொட்டி ஒட்டினான், கூட்டங்களில் பேசினான். போலீஸ் தேடியது. அவனை என் தம்பியின் பனைவிளையில், கருப்பட்டி காய்ச்சும் கொட்டகையின் பரணில் ஒளித்துவைத்தேன். இடம் தெரிந்தவர்கள் தம்பியும் நானும். மூன்றாவதாக டீச்சரிடம் சொன்னேன். சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. அன்றுவரை அவரிடம் நான் எதையுமே மறைத்ததில்லை.

அன்று சாயங்காலம் முக்கிலே கேசவபிள்ளையின் சாயாக்கடையில் பத்துத் தோசை வாங்கினேன். "விருந்துகாரர் உண்டோ?" என்று கேட்டார். "உண்டு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். விடியுமுன் போலீஸ் நேரே கொட்டகைக்கு வந்து, நேரே பரணில் ஏறியது. சாமுவேல் நான்கு மாதம் கழித்து வந்தான். அவன் இடது காது வரவில்லை. அவன் சந்தையில் பேசுவதுபோல உரக்கப் பேசுவது ஏன் என்று இப்போது வளரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

அவனைக் கொண்டுபோன அன்று காலை முக்கில் நின்று, நாலு பேர் கேட்க, "தோசையை எண்ணித் தந்தவனே ஆளையும் எண்ணிக் குடுத்திட்டான்!" என்று கத்தினேன். அவர் மலையாளி, ஊருக்கு அதுவே போதுமாக இருந்தது. ஒரு மாதத்தில் அந்தக் கடையில் சாயா குடிக்க ஆளில்லை. மூன்றாம் மாதம் பலகையைக் கழற்றி, சாயா போடும் கொதிகெண்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் காஞ்சிரங்குளம் பக்கம் போய்விட்டார். பூட்டின கடையைத் தாண்டித்தான் டீச்சர் தினமும் பள்ளிக்கூடம் போனார். "கண்ணாலே காணாததைச் சொல்லப்பிடாது, எஸ்தரு" என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார். எவ்வளவு நீதியுள்ள மனசு என்று அதையும் நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், டீச்சரின் தங்கை மகள் மேரி ஒரு கவரைக் கொண்டுவந்தாள். "பெரியம்மை உங்க கையில குடுக்கச் சொன்னா." உள்ளே ஒரு படம். கிழக்கு வானம், நெட்டுக்குத்தாகக் கோடுகள். கீழே கிணற்றடியில் தடித்துத் தொடங்கிய ஒரு விளக்குக் கோடு, வயல் வரப்பின் வளைவுகளோடு வளைந்து, மெலிந்துகொண்டே போய்ச் சந்தைக் கொட்டகையில் நின்றது. போலீஸ்காரர்கள் தங்கியிருந்த கொட்டகை. திரும்பி வந்த கோடும் பக்கத்திலேயே ஒட்டிக்கிடந்தது. பின்னால் இரண்டு வரி: "சாமுவேலைக் கொண்டுபோன ராத்திரி. எஸ்தரு, இந்தக் கோடு நானாக்கும்."

சாமுவேலைக் கொண்டுபோன அன்று பகலில் நான் அழுதுகொண்டே டீச்சர் மடியில் கிடந்தபோது, அவர் பேச்சை மாற்ற, "நேத்து படம் எடுக்க வச்சேன், மேகமாயிட்டு" என்றார். அந்த ராத்திரி முழுக்க நான் முற்றத்தில்தான் நின்றேன். மேகம் ஒரு துண்டுகூட இல்லை. அது எனக்கு அன்று உறைக்கவே இல்லை.

ஏன் போனார் என்று எழுதவில்லை. பள்ளிக்கூட வேலை போய்விடும் என்று பயந்தாரா? ஊர்வலத்தில் பையன் குண்டடிபட்டுச் சாகாமல் உள்ளே கிடக்கட்டும் என்று நினைத்தாரா? எதுவாயிருந்தாலும் ஆறு வருஷம் என் வீட்டில் சாயா குடித்தாரே, சாமுவேலின் கேட்கிற காதுப் பக்கமாகவே உட்கார்ந்து பேசினாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பேன்?

சாமுவேலிடம் படத்தைக் காட்டினேன். திருப்பிப் பின்னால் எழுதியிருந்ததை வாசித்தான். "அம்மா, அவளுக்க சவப்பெட்டியைத் தூக்கினது நானாக்கும்" என்றான். அதை மட்டும் மெதுவாகச் சொன்னான்.

பஸ் ஏறிக் காஞ்சிரங்குளம் போனேன். கேசவபிள்ளை ரோட்டோரத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "பத்துத் தோசை வேணுமோ?" என்றார். படத்தை நீட்டினேன்.

"இது என்ன, மழையோ?"

"நட்சத்திரம். கீழே குறுக்கே போறது டீச்சருக்க விளக்கு."

நான் சொல்லி முடிக்கும்வரை குவளையைக் கழுவிக்கொண்டே இருந்தார். "எல்லை பிரிச்சப்போ உங்க ஊரு எங்க கேரளப் பக்கம் வந்நு. எனக்க கடை மட்டும் திரும்பி வந்தில்ல" என்றார். காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார். "வேண்டா அம்மச்சி. நீங்க முக்கில நின்னு பறஞ்சது எல்லாரும் கேட்டு. இப்போ எழுதணும். எல்லாரும் வாசிக்கட்டே." காசு வாங்காமல் அவர் தந்த சாயாவைக் குடித்தேன்.

அதனால் எழுதுகிறேன், சபையாரே. கேசவபிள்ளை காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தவர் ஞானப்பூ டீச்சர். ஒன்றும் அறியாத ஒரு மனிதனின் அடுப்பை அணைத்தவள் நான். மூன்றும் என் கையெழுத்திலேயே இருக்கட்டும்.

டீச்சரிடமிருந்து எனக்கு மிச்சம் இரண்டு படங்கள். இரண்டாவதைக் கிழிக்கத்தான் எடுத்தேன். அது கேசவபிள்ளைக்கு உள்ள ஒரே சாட்சி என்பதால் கிழிக்கவில்லை. என் கோடும் அவர் கோடும் முதுகோடு முதுகாக என் வேதப்புத்தகத்தில் இருக்கின்றன. என் பேரப்பிள்ளைகளின் கையெழுத்தில் அவர் கையெழுத்தின் சாயல் இருக்கிறது. அதை நான் எடுத்துப்போட முடியாது, போடவும் மாட்டேன்.

மேரி, மகளே, இந்த இதழ் நீ இருக்கும் திருப்புறம் ஊரிலும் உனக்குக் கிடைக்கும். கேமரா உன்னிடம் இருக்கிறது. அடுத்த அமாவாசைக்குப் பெரியம்மை வீட்டுக்கு வா. அதே கிணற்றுச் சுவரில் கிழக்கே பார்த்து வை. சிரட்டைத் துண்டை மறக்காதே. தகட்டை இழுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்து. உன் விளக்கு வெளியே வர வேண்டாம். நானும் அந்தப் பக்கம் வரமாட்டேன். குறுக்கே ஒரு கோடும் விழாத படம் ஒன்று எனக்கு வேண்டும். கழுவி வந்ததும் தபாலில் அனுப்பு. பின்னால் ஒன்றும் எழுதாதே.