கண்டம் லிஸ்டில் ஒரு படகு

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்தேன். பாவனைக்கு உதவாத சாமான்களைப் பார்த்து, ‘கண்டம்’ என்று எழுதித் தள்ளுவதும் என் வேலை. ஓட்டைத் தகரம், மருந்து டாங்கி, உடைந்த தராசு. என் கையெழுத்து விழுந்தால் அந்தச் சாமான் செத்தது.

பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியபோது, அலங்கார வேலைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். நீர்த்தேக்கக் கரையில் கட்டியிருந்த மரப்படகைக் கண்டு துள்ளினாள்.

“அங்கிள், இத லொபில தொங்கவிட்டு, அடியில ஓட்டை போட்டு லைட் வைப்போம். நட்சத்திரம் மாதிரி இருக்கும்!”

“அது அக்கரையில கீழ்க்கணக்கு லயத்து ஆளுங்க இக்கரைக்கு வர்ற படகும்மா.”

தோட்டத்துப் படகுதான். படகோட்டி ராமையா துடுப்புப் போட்டால் பத்து நிமிடத்தில் பஸ் ரோட்டுக்கு வந்துவிடலாம். சுற்றி வந்தால் ஐந்து மைல் குண்டும் குழியும். ஓட்டோகூட இறங்காது.

மெனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். “ஓடுற படகத் தூக்குனா யூனியன் வரும். கண்டம்னா யாரு கேப்பா? ஒங்களுக்கும் பென்ஷன் வயசு. ஹோட்டல்ல ஒரு வேல தந்து, ஒக்கார கதிர போடுறேன். குவாட்டர்ஸ விட வேணாம்.”

அடிப்பலகையை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். உக்கி உளுத்த பலகை என்றால் முனை இறங்கும். இது இறங்கவில்லை. லிஸ்டில் எழுதினேன்: ‘படகு 1. அடி உக்கல். கண்டம்.’

துளை போட்ட தச்சு பாஸ் இரண்டு ட்ரில் பிட்டை உடைத்தார்.

“கிளாக்கரையா, உக்கலுன்னீங்க. இது என் பல்ல விட கெட்டியா இருக்கே!”

நானும் சேர்ந்து சிரித்தேன். படித்தவன் சிரிப்பு.

ராமையாவின் மனைவி வீராயிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. காலில் புண். ஒருநாள் விட்டு ஒருநாள் இக்கரை ஆஸ்பத்திரிக்கு மருந்து கட்ட வருவாள். படகு போன பிறகு வாரத்துக்கு ஒரு முறை வந்தாள். பிறகு வரவில்லை. கடைசியில் நாலு பேர் கம்பளியில் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். படகு இருந்திருந்தால் கால் இருந்திருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

ராமையா ஒருமுறை லொபிக்கு வந்தார். படகு விளக்குக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு விருந்தாளி, “இது தண்ணியில போகுமா?” என்று கேட்டார்.

“போச்சுங்க. ஓட்ட இல்லாத படகுக்கு ஓட்ட போட்டு, அதுல வெளிச்சம் காட்டுறாங்க, எங்க பெரிய படிப்புக்காரவங்க,” என்றார் ராமையா. என்னைப் பார்க்கவில்லை. நான் அந்தக் கதிரையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது கிளாக்கர் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கண்டம் லிஸ்டில் ‘பாவிப்பவர் பெயர்’ என்று, சாமானை உபயோகிப்பவரை எழுத ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். என் லிஸ்டில் அது இருக்கவில்லை. இருந்திருந்தால், வீராயி என்று எழுதிவிட்டு, பக்கத்தில் உக்கல் என்று எழுத எனக்குக் கை வந்திருக்குமா?

வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். உங்களுக்கு வராமல் இருக்கட்டும்.