பல்லுப் பிடுங்கியதாகச் சொன்ன நாள்

அக்காவின் கையிலிருந்து தேங்காய்ப் பாதி நழுவி அடுப்படியில் விழுந்தபோது குசினி மணிக்கூட்டில் ஆறரை. பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அதனால் அன்று விடிந்ததிலிருந்து நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்றுவரை இல்லை.

விழுந்ததை எடுக்க அக்கா குனிந்தாள். வலது கை கீழே போனது, விரல்கள் மடங்கவில்லை. தேங்காயை இரண்டு மூன்று தடவை தட்டித் தட்டி உருட்டினாள். நிமிர்ந்தபோது வாயின் வலது பக்கம் இறங்கியிருந்தது.

"என்னடி பாக்கிறாய்?" என்று கேட்டாள். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு கேட்டதுபோல இருந்தது.

நான் ஓடிப்போய் அத்தானைக் கூட்டி வந்தேன். அக்காவின் கணவரைத்தான் சொல்கிறேன். அவர் பாதி முகம் சவரம் செய்தபடி வந்து பார்த்தார்.

"ராவு முழுக்க ஃபானுக்குக் கீழ படுத்தவ. குளிர் பிடிச்சிருக்கு. நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்."

தேய்த்தேன். அக்காவின் கை என் மடியில் பாரமாகக் கிடந்தது. "அத்தான், ஆஸ்பத்திரிக்கு..." என்று தொடங்கினேன். அந்த வீட்டில் என் பேச்சு எப்போதும் பாதியில்தான் நிற்கும். மீதியை யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

"அவையள் வந்திட்டுப் போகட்டும்." இதைச் சொன்னது அக்காதான். மூன்று தடவை முயன்று, எச்சில் வடிய வடியச் சொன்னாள்.

அவளுடைய மகளுக்கு, அதாவது என் பெறாமகளுக்கு, அப்போது இருபத்தொன்பது வயது. முதலில் பேசி வந்த சம்பந்தம், அத்தானின் தாய் பாரிசவாதத்தில் கிடந்து செத்தவர் என்று யாரோ போய்ச் சொன்னதில் குழம்பியது. வருத்தம் பரம்பரையில் இருக்கிறதாம். இந்த முறை வாய் கோணிய தாயையே கதிரையில் உட்காரவைத்துக் காட்டினால் என்ன நடக்கும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

வழி கண்டுபிடித்தவர் அத்தான். "பல்லுப் பிடுங்கினது எண்டு சொல்லுவம். நேற்றுப் பின்னேரம் பிடுங்கினது. வீக்கம், கதைக்க ஏலாது. சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு இருக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "கொஞ்சம் பஞ்சு எடுத்து உள்ளுக்கு வை. கன்னம் வீங்கின மாதிரித் தெரியும்" என்றார்.

வைத்தேன். அக்காவின் வாயைத் திறந்து, செத்துப்போன அந்தப் பக்கத்துக் கன்னத்துக்குள் பஞ்சை அடைத்தவள் நான்தான். என் விரல் உள்ளே போனது அவளுக்குத் தெரியவில்லை.

பெறாமகளிடம் குளிர் என்று சொன்னோம். சேலை மடிப்பைப் பிடித்தபடி அறை வாசலில் நின்று தாயைப் பார்த்தாள். "பின்னேரம் டொக்டரிட்டக் காட்டுவமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பூ வைத்துக்கொண்டாள். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

அவர்கள் கந்தளாயிலிருந்து வான் வண்டியில் வந்தார்கள், எட்டுப் பேர். எங்கள் வீடு ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் இருக்கிறது. விறாந்தையில் இருந்தாலே உட்துறைமுகம் தெரியும். வந்தவர்களில் இருவர் கப்பலைப் பார்க்கவென்று வெளியிலேயே நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் அக்காவைச் சுற்றி இருந்தார்கள்.

"ஐயோ பாவம். எந்தப் பல்லு?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

"கடவாய்ப் பல்லு" என்றார் அத்தான்.

"எனக்கும் ரெண்டு பிடுங்கினது. மூண்டு நாளைக்கு உறைப்பு வாயில வைக்கக்கூடாது, என்ன?"

அக்கா தலையாட்டினாள். அவர்களோடு வந்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "சம்மந்தியின்ர வாய் திறக்கிறதுக்குள்ள நாளைக் குறிச்சுப்போடுவம். பிறகு எங்களால கதைச்சு வெல்ல ஏலுமோ தெரியாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தான் தொடையில் தட்டிச் சிரித்தார். நான் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். பயற்றம் பணியாரத்தை எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணியை ஆற்றி அக்காவின் இடது கையில் வைத்து, "குடியுங்கோ, சூடில்லை" என்று வற்புறுத்தினார். அக்கா ஒரு வாய் குடித்தாள். தேத்தண்ணி மூக்கால் வந்தது. புரைக்கேறி முகம் கறுத்துப்போனது.

"விறைப்பூசி இன்னும் இறங்கேல்ல" என்றார் அத்தான்.

பத்தேமுக்காலுக்கு எழுந்தார்கள். அக்காவும் கதிரையைப் பிடித்து எழுந்து கைகூப்பப் பார்த்தாள். ஒரு கைதான் வந்தது. வான் திரும்பி மேட்டில் ஏறி மறையும்வரை அத்தான் கை காட்டினார். நாங்கள் உள்ளே வந்தபோது அக்கா கதிரையிலிருந்து சரிந்து நிலத்தில் கிடந்தாள். பஞ்சு பாதி வெளியே வந்திருந்தது.

ஓட்டோவில் அவளை நடுவில் இருத்தி, நானும் அத்தானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பன்னிரண்டாகக் கால் மணித்தியாலம் இருந்தது.

வந்து பார்த்தவர் இளம் வயது சிங்கள டொக்டர், பெண். தமிழைப் படித்துப் பேசுகிறவர். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "எத்தனை மணிக்கு இப்படி ஆனது? கடைசியா நல்லா இருந்த நேரம்? இது மிச்சம் முக்கியம். நாலரை மணித்தியாலத்துக்குள்ள எண்டா, ரத்தக்கட்டி கரைக்கிற மருந்து குடுக்கலாம். நேரம் போனா குடுக்க ஏலாது. மூளைக்குள்ள ரத்தம் போகும்."

அத்தான் வாயைத் திறந்தார். உண்மையைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவருடைய முகம் அப்படித்தான் இருந்தது. அந்த நேரம் திரையை விலக்கிக்கொண்டு ஒரு நர்ஸ் வந்தார். மாப்பிள்ளையின் சின்னம்மா. முதலில் சாதகம் கொண்டு வீட்டுக்கு வந்தவர் அவர்தான்; அன்று டியூட்டி என்று பெண் பார்க்க வராமல் விட்டவர்.

"ஐயோ, இது எங்கட சம்மந்தியெல்லோ! இப்பதானே என்ர அக்கா போன் எடுத்துச் சொன்னவ, பல்லுப் பிடுங்கினவ, நல்ல அமைதியான மனிசி எண்டு. என்ன நடந்தது?"

அத்தான் நர்ஸைப் பார்த்தார்; டொக்டரைப் பார்த்தார். "பத்தேமுக்கால். அவையளை வழியனுப்ப எழும்பினவ, அப்பிடியே விழுந்திட்டா."

டொக்டர் எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்களும் வீட்டில இருந்ததா? ஐயா சொன்ன நேரம் சரியா?"

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயதில் என்னையும் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் என்ன கேட்டும் எனக்கு வாய் வரவில்லை. பெண்ணுக்குப் பேச வருமா என்று அடுத்த நாள் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அன்றிலிருந்து அக்காவுக்கு நான் ஊமை. "ஊமை, தண்ணி கொண்டா." "ஊமை, கதவைச் சாத்து." வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் அந்தக் கதையைச் சொல்லிக் காட்டுவாள், நான் தேத்தண்ணியோடு நிற்கும்போதே. சபையில் நான் ஏதாவது பேச வாயெடுத்தால் அவளுடைய கை வந்து என் மணிக்கட்டைப் பிடிக்கும். பேசாமல் இரு என்று அர்த்தம்.

அன்றும் பிடித்தாள். டொக்டர் கேட்ட அந்த நிமிடம் அக்காவின் இடது கை கட்டிலிலிருந்து எழும்பி என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தது. என் காப்பு தோலில் அழுந்தியது. அவளுடைய கண் என்னையே பார்த்தது. முப்பது வருடமாக அந்தப் பிடிக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.

நான் தலையாட்டினேன். ஓம் என்று சொல்லக்கூட இல்லை.

ஸ்கானில் ரத்தக் கசிவு இல்லை என்று மருந்தை ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அக்காவின் வலது கையில் இரண்டு விரல் அசைந்தது. அத்தான் என் தோளைத் தட்டி, "பாத்தியா?" என்றார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அக்கா தலையைப் பிடித்துக்கொண்டாள், சத்தியெடுத்தாள், கண் ஒரு பக்கம் செருகியது. மருந்தை நிறுத்தித் திரும்பவும் ஸ்கானுக்குக் கொண்டு ஓடினார்கள். மூளைக்குள் ரத்தம்.

டொக்டர் பின்னேரம் வந்து எங்களுக்கு ஆறுதல் சொன்னார். "நேரத்துக்குக் குடுத்தாலும் சில ஆக்களுக்கு இப்படி வரும். உங்கட பிழை இல்லை." அவருடைய கண் கலங்கியிருந்தது. அத்தான் கைகூப்பினார். நான் டொக்டருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா சாகவில்லை. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சு ஒரு சொல்கூட இல்லை. மூக்கால் குழாய் வைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள். நர்ஸ் சின்னம்மா ஒவ்வொரு நாளும் வந்து பார்த்தார், நல்ல இடத்தில் கட்டில் எடுத்துத் தந்தார், தன் அக்காவிடம் பேசினார். சம்பந்தம் குழம்பவில்லை. "கஷ்டத்தில விட்டிட்டுப் போற ஆக்கள் நாங்கள் இல்லை" என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லி அனுப்பினார். அத்தான் அதை எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார்.

கலியாணத்தன்று அக்காவை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினோம். வாய் வடிவது வீடியோவில் விழும் என்று அவர்களும் சொன்னார்கள், எங்களுக்கும் சரியாகப்பட்டது. காவலுக்கு நான். தாலி கட்டும் மேளம் கேட்டபோது அக்கா இடது கையால் கட்டில் சட்டத்தில் அடித்தாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை பிடித்தது நான்.

பராமரிப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது. மருந்து, கழுவுதல், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்கவைத்தல், விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தல். விரல் விரிக்கும்போது அவளுக்கு நோகும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சில நாள் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகமாக விரித்திருக்கிறேன். கட்டிலில் கட்டியிருந்த மணியை அடிப்பாள்; மூத்திரம் வந்திருக்கும் என்று தெரியும். கறியை இறக்கிவிட்டுப் போவோம் என்று நிற்பேன். நனைந்த பிறகு போய் நானே கழுவுவேன். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதியதில் அர்த்தமில்லை.

பேச்சுப் பயிற்சிக்குக் கிழமையில் ஒரு நாள் கிளினிக் போனோம். அங்கே பயிற்சி கொடுத்த இளம் பிள்ளைக்குப் பொறுமை அதிகம். ஆரம்பத்தில் அக்கா எதற்கும் தலையைத்தான் ஆட்டினாள். சோற்றைக் காட்டிச் செருப்பா என்று கேட்டாலும் ஆட்டினாள். அதனால் இடது பெருவிரலைப் பழக்கினார்: மேலே என்றால் ஓம், கீழே என்றால் இல்லை. ஒரே கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்க வேண்டும், பதில் மாறாவிட்டால்தான் விளங்கியிருக்கிறது என்று எனக்கும் சொல்லித்தந்தார். மாதக் கணக்காக இது நடந்தது. ஒரு நாள் பத்துக் கேள்விக்குப் பத்தும் சரி.

"இனி அம்மா சொல்றதை நம்பலாம்" என்றார் அந்தப் பிள்ளை. "என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ."

மூக்குக் குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள்; நான் கஞ்சிக்கு உப்புப் போதுமா என்று கேட்டேன். தலையணை உயர்த்தட்டா என்று கேட்டேன். இரண்டு கிழமை அப்படியே போனது. கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. அதைக் கேட்கும் தைரியம் இல்லை.

ஒரு மத்தியானம் அத்தான் வெளியே போயிருந்தார். பெறாமகள் நாலு மாத வயிற்றோடு வந்து பக்கத்து அறையில் படுத்திருந்தாள். நான் அக்காவின் கட்டிலில் இருந்தேன்.

"அக்கா, அண்டைக்கு டொக்டர் கேக்கேக்க என்ர கையைப் பிடிச்சனீங்கள். பேசாம இரு எண்டா?"

பெருவிரல் கீழே போனது.

"நேரத்தைச் சொல்லு எண்டா?"

மேலே. நேராக, என் முகத்துக்கு நேரே, அசையாமல் நின்றது.

பழக்கியபடி திருப்பிக் கேட்டேன். "நான் நேரத்தைச் சொல்லக்கூடாது எண்டுதானே பிடிச்சனீங்கள்?" கீழே. மாறவில்லை.

அவளுடைய தலையணைக்குப் பக்கமாகக் குனிந்தேன். "இப்ப சொல்லட்டா? டொக்டரிட்ட? அவையளிட்ட? எல்லாரிட்டயும் சொல்லட்டா?"

பக்கத்து அறையில் பெறாமகள் இருமினாள். அக்காவின் கண் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. பெருவிரல் கீழே இறங்கியது. இறங்கிய விரலால் மெத்தையை இரண்டு தரம் குத்தினாள்.

பிறகு அவளுடைய வாய் அசையத் தொடங்கியது. சொல் வரும்போது உதவி செய்யாதீர்கள், காத்திருங்கள் என்று சொல்லித்தந்திருந்தார்கள். காத்திருந்தேன். உதடு குவிந்தது. நல்ல பக்கத்துக் கழுத்து நரம்பு புடைத்தது. முதல் எழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஊ... மை."

அன்றைக்குப் பிறகு அவள் வாயில் வந்த முதல் சொல் அதுதான்.

அடுத்த கிளினிக்கில் அதைச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்குச் சரியான சந்தோசம். "அப்பிடியே தெளிவா வந்ததா? ஆரைக் கூப்பிட்டவ?"

"என்னைத்தான்" என்றேன். "அக்கா என்னைக் கூப்பிடுற பேர்."

"அப்ப அதிலயிருந்தே தொடங்குவம். ஒவ்வொரு நாளும் காலமை முன்னால இருந்து சொல்ல வையுங்கோ. பிழைச்சா நீங்கள் முதல் சொல்லிக்காட்டுங்கோ."

பயிற்சிக் கொப்பியில் முதல் சொல்லாக அதை எழுதித் தந்தார். ஒவ்வொரு நாளும் காலையில் அக்காவின் முகம் கழுவி, முன்னால் கதிரை போட்டு இருந்து, அவளுக்கு வராத நாளில் என் வாயைப் பார்க்கச் சொல்லி, நான் முதலில் சொல்கிறேன்.