டிக்கெட் இல்லாத பிரயாணி

மதுரையில் நான் கணக்கு வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில், மூன்றாம் பாரத்துப் பையன்கள் (இப்போதைய எட்டாம் வகுப்பு) ஒரு நாள் என் முழங்கையைப் பிடித்து வகுப்புக்கு வெளியே தள்ளினார்கள். தள்ளச் சொன்னவர் அவர்களுடைய இங்கிலீஷ் வாத்தியார். அதற்கென்று எனக்கு ஒரு தலைப்பாகையும் அவரே கட்டிவிட்டிருந்தார்.

அவர் முறை அப்படி. நாங்களெல்லாம் இலக்கணத்தை உருப்போட்டுப் படித்தவர்கள். எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவோம், பேசச் சொன்னால் ஊமை. அவருக்கு அது ஆகாது. பெஞ்சுகளை எதிரெதிராகப் போட்டால் வகுப்பு ரயில் பெட்டியாகிவிடும். அதற்குள் தமிழ் செல்லாது. தலைப்பாகையோடு யார் நுழைந்தாலும் அவர் டிக்கெட் இல்லாத பிரயாணி. இங்கிலீஷிலேயே மடக்கி, இங்கிலீஷிலேயே இறக்கிவிட வேண்டும். பியூன், டிராயிங் மாஸ்டர், நான் என்று எல்லோரும் மாட்டினோம். திருமங்கலம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பையன் ஒருவன்தான் டிக்கெட் பரிசோதகர். தமிழிலேயே வாயைத் திறக்காதவன், "வேர் ஆர் யூ கோயிங்?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. "என்ன தம்பி, சின்னப் பயகிட்டப் போயி இம்புட்டு முழி முழிக்கிற?" என்று வாத்தியார் சிரித்தார்.

மூன்று வருஷமாக அவருக்குத் தற்காலிக வேலை. ஜில்லா கல்வி அதிகாரி வந்து பார்த்து நல்லதாக நாலு வரி எழுதினால் நிரந்தரமாகும். இல்லாவிட்டால் சீட்டுக் கிழிந்துவிடும். அவருக்குக் கவலையே இல்லை. "இந்தப் பயலுக பேசுறத அவரு ஒருவாட்டி கேட்டாப் போதும்" என்பார்.

அதிகாரி என்றால் வெள்ளைக்காரர் என்றே பையன்கள் நினைத்திருந்தார்கள். போன வருஷம் வந்தவர் அப்படித்தான்; ஹெட்மாஸ்டர் அறையோடு திரும்பிவிட்டார். இந்த முறை வந்தவர் நம்மவர். கோட்டு, சரிகைத் தலைப்பாகை. ஹெட்மாஸ்டர் அறையில் காப்பி குடிப்பார் என்று நாங்கள் நினைத்திருந்த நேரத்தில், தன்னந்தனியாக நடந்து வந்து அந்த வகுப்புக்குள் நுழைந்துவிட்டார். பெஞ்சுகள் எதிரெதிராகக் கிடந்தன.

எதிர் வகுப்பு வாசலிலிருந்து நான் பார்த்தேன். அந்தப் பையன் எழுந்து, "டிக்கெட் ப்ளீஸ்" என்றான். அதிகாரி திகைத்தார். "நோ டிக்கெட்? தென் கெட் டவுன், சார். தி ட்ரெயின் கேனாட் வெயிட் ஃபார் யூ" என்று அட்சரம் பிசகாமல் சொல்லி, முழங்கையைப் பிடித்துவிட்டான். வகுப்பே "கெட் டவுன்!" என்று கத்தியது. ரயில் காத்திருக்காது என்ற வாக்கியம் வாத்தியார் சொல்லிக்கொடுத்ததல்ல, பையன் தானாகக் கட்டியது. அதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்து போனது. பிறகுதான் பதறி ஓடி வந்து பையனை விலக்கினார்.

வெளியே வந்த அதிகாரி வாத்தியார் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. வாசலில் நின்ற என்னைப் பார்த்து, இந்தப் பள்ளிக்கூடத்தில் இதுதான் வழக்கமா என்று இங்கிலீஷில் கேட்டார். வாத்தியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாம் தெரியும். தமிழில் கேட்டிருந்தால் கொட்டித் தீர்த்திருப்பேன். எந்தச் சொல்லை முதலில் வைப்பது என்று தேடித் தேடி, "சார்... ஐ... சார்..." என்றேன். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. அதிகாரி சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு நடந்தார். நான் எதையோ மறைக்கிறேன் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்.

அந்த மாதமே வாத்தியாரை அனுப்பிவிட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். "அண்ணே" என்றேன், அதற்கு மேல் தமிழும் வரவில்லை. "மனசுல வச்சுக்கிராத தம்பி. ஒன்னைய இன்னும் ரெண்டு தடவ அந்த வகுப்புக்குள்ள விட்டுருக்கணும். தப்பு ஏம்மேலதான்" என்றார். "வாரேன்" என்று சொல்லி ஏறினார்; வரவேயில்லை.

அன்றைக்கு ஐந்தே சொல் போதும். "திஸ் இஸ் ஹிஸ் லெஸன், சார்." இப்போது அது தங்குதடையில்லாமல் வருகிறது. குளிக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும், யாரும் கேட்காமலே வருகிறது.