அஷ்டாவதானியும் அரைக் கரண்டியும்

அக்கம்பக்கத்தார் தன்னை அஷ்டாவதானி என்று அழைப்பது கேலி என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. பட்டம் என்றே நினைத்தாள். குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி சொல்வது அவள். தம்பி பிள்ளைகளின் பள்ளிக்கு அட்டையில் எரிமலை செய்து கொடுப்பது அவள். எதிர்வீட்டுப் பார்சலை வாங்கி வைப்பதும், மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் விடிந்ததும் விடியாததுமாக வணக்கம் போடுவதும் அவளே. "என்னை விட்டா யாரு இருக்கா?" என்பாள். அதில் பாதி வேலைக்கு யாருமே தேவையில்லை.

இந்த லட்சணத்தில் அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்து, பேச்சு குழறி, விழுங்குவதும் தடுமாறியது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஊட்டினார்கள். அம்மா அதைப் பிடுங்கி எறிந்தாள். கையைக் கட்டிப்போட்டார்கள். ஒருவழியாகக் குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சொன்னது, மரமண்டைக்கும் புரியக்கூடிய விஷயம். நிமிர்த்தி உட்கார வையுங்கள், மோவாய் தாழ்ந்திருக்கட்டும், அரைக் கரண்டி கொடுங்கள், தொண்டை ஏறி இறங்கும்வரை பொறுங்கள், வாயில் சாப்பாடு இருக்கையில் பேச்சுக் கொடுக்காதீர்கள், முடிந்தபின் குரல் களகளத்தால் தொண்டையில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

அஷ்டாவதானி பலமாகத் தலையாட்டினாள். கட்டைவிரல் லாரிக்காரனுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தது.

அம்மா ஆயுசெல்லாம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். காதில் எதை வைத்தாலும் பதில் சொல்லிவிடுவாள். பெற்ற மகளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் ஒரு மதியம், மசித்த உருளைக்கிழங்கை அம்மாவின் வாயில் வைத்த கையோடு, தம்பி மனைவியின் அழைப்பை எடுத்தாள்.

"அத்தை எப்படி இருக்காங்க, அண்ணி?"

"நீயே கேட்டுக்கோ," என்று போனை அம்மாவின் காதில் ஒட்டினாள்.

அம்மா வாயைத் திறந்தாள். "நல்லா" வரை வந்தது. மிச்சம் கிழங்கோடு சேர்ந்து மூச்சுக்குழாய்க்குள் போயிற்று.

நுரையீரலில் சளி, காய்ச்சல், மறுபடி ஆஸ்பத்திரி. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா குழாய்தான். அப்புறம் எடுக்க முடியுமான்னு சொல்ல முடியாது," என்றார் டாக்டர். அம்மா இடக்கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்து, "வேணாம்," என்றாள்.

"நான் ஒருத்தி எத்தனையைத்தான் பாக்கறது?" என்று அழுதாள் மகள். அப்போதும் தன் பாட்டுத்தான்.

"ஒண்ணைப் பாரு," என்றாள் அம்மா.

ஞானோதயம் எதுவும் நடக்கவில்லை. பயந்தாள், அவ்வளவுதான். பயமும் மருந்துதான், அளவோடு இருந்தால். எல்லா வேலையிலிருந்தும் விலகுவதாக எழுதிப் போட்டாள். "நீங்க இல்லேன்னா கட்டடமே காஞ்சிடும்மா!" என்று பதறினார் சங்கத் தலைவர். மறுநாள் காவலாளி ஒரு போன் செய்தார், லாரி வந்தது. எரிமலையைப் பிள்ளைகளே செய்தார்கள். கோணலாக, எரிமலை மாதிரியே இருந்தது. காலை வணக்கம் நின்றுபோனதை ஒரு ஜீவனும் கவனிக்கவில்லை. அம்மாவின் காய்ச்சலைவிட இதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது.

சாப்பாட்டு நேரத்தில் போன் பீரோவுக்குள் போயிற்று. கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்தது. முதலில் கை நமநமத்தது. ஒரு தொண்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது, எட்டு வேலை செய்து பழகியவளுக்குத் தண்டனைதான். பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது: தொண்டை ஏறும், நிற்கும், இறங்கும். இறங்காத நேரமும் உண்டு. இவ்வளவு நாள் அதன்மேல்தான் அடுத்த கரண்டியைத் திணித்திருக்கிறாள்.

ஒரு ஞாயிறு, பாதிக் கிண்ணத்தில், கதவு இடிபட்டது. தம்பியும் அவன் மனைவியும்.

"அண்ணி! எவ்வளவு நேரமா நிக்கிறோம்!"

"அக்காவுக்கு என்ன ஆச்சு? முன்னெல்லாம் ஓடி வந்து தொறப்பாளே."

"திமிரு. வேற என்ன?"

அம்மாவின் கண் கதவுக்குப் போனது. உதடு, பழைய பழக்கத்தில், பதிலுக்குத் தயாரானது. மகள் அவள் மோவாயில் விரல் வைத்துத் தாழ்த்தினாள். எழுந்திருக்கவில்லை. "ஊம்," என்றுகூடக் குரல் கொடுக்கவில்லை. வெளியே ஏச்சு தொடர்ந்தது. தொண்டை ஏறியது, நின்றது, இறங்கியது. அடுத்த அரைக் கரண்டி.

கிண்ணம் காலியானது. அம்மா வாயைத் திறந்து காட்டினாள். விழுந்த பக்கத்துக் கன்னத்தின் உள்ளேயும் எதுவும் தங்கவில்லை.

"இப்பச் சொல்லு," என்றாள் அம்மா, "லைன்ல யாரு?"

குரலில் களகளப்பு இல்லை. மகள் அதைக் கேட்டுக்கொண்ட பிறகே தாழ்ப்பாளை எடுக்கப் போனாள்.