நான் சொன்ன ஓம்

அன்ரி கதவைத் தட்டியபோது மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். எட்டாம் மாடியில் இருப்பவர். கையில் வெறும் பை.

"பிள்ளை, கீழ மரக்கறி மேசை இல்லையாம். அறை பூட்டிக் கிடக்கு. நீர்தான் ஓம் எண்டு சொன்னனீராம்."

"நான் எதுக்கு அன்ரி ஓம் எண்டனான்?"

"மேசையை நிப்பாட்டத்தான். உங்கட ஆள் சம்மதிச்சவ எண்டு மனேஜர் சொல்லுறா."

கையிலிருந்த சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

நகர ஓரத்து மோர்னிங்சைட் பகுதியில் எங்களுடையது சலுகை வாடகைக் கட்டடம். நடந்து போகும் தூரத்தில் ஒரு டோனட் கடையும் பெற்றோல் ஸ்ரேசனும்தான் உண்டு. நல்ல கீரை வேண்டுமென்றால் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் ஏற வேண்டும். அதனால்தான் புதன்கிழமைகளில் ஒரு தொண்டு அமைப்பு கீழ் அறையில் மேசை போட்டு, மரக்கறியை மொத்த விலைக்கே கொடுத்துவந்தது. மகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு, கீரையும் பருப்பும் நிறையக் கொடுங்கள் என்று டொக்டர் சொன்னதிலிருந்து நான் ஒரு புதனும் தவறவிட்டதில்லை. அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். வெளிறியிருக்கிறதா, வெளிச்சம்தான் அப்படிக் காட்டுகிறதா என்று தெரியாமல் யன்னலருகே கொண்டுபோய் மறுபடி பார்ப்பேன்.

போன கிழமை கட்டட மனேஜர் மேசையைப் பற்றிப் பேச எங்களில் ஒருவரைக் கூப்பிட்டபோது, படித்த பிள்ளை என்று அயலவர்கள் என்னைத்தான் அனுப்பினார்கள். அவர் மூச்சு விடாமல் பேசினார். பெட்டிகள் ஈரம், கரப்பான் வருகிறது, அறையைத் திருத்த வேண்டும், மேசையை நிறுத்துவதே நல்லது. ஒவ்வொரு வசனத்துக்கும் நான் "யெஸ், யெஸ்" என்றேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. எங்களில் ஒருவர் கதைத்தால் மற்றவர் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். போனில் நான் அதை நிறுத்தினால் அம்மா "லைன் கட்டோ?" என்பார். மனேஜர் பேசி முடித்ததும் மறுப்பைச் சொல்லலாம் என்றிருந்தேன். முடித்ததும் அவர் நன்றி சொல்லிக் கைகுலுக்கிவிட்டு எழுந்துவிட்டார். முடிவு பிறகுதான் வரும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இதைச் சொன்னதும் அன்ரி சிரித்தார். "நல்ல காலம், வீட்டைக் காலி பண்ணுறீரோ எண்டு கேக்கேல்ல. அதுக்கும் ஓம் ஓம் எண்டிருப்பீர்."

என்னால் சிரிக்க முடியவில்லை. வாடகைச் சலுகைக்கான எங்கள் வருமானக் கடுதாசிகள் ஒவ்வொரு வருடமும் போவது அதே மனேஜரிடம்தான். நான் அப்படிச் சொல்லவில்லை என்றால், அவர் பொய் சொல்கிறார் என்றாகாதா? வீட்டு வாசலுக்கு வெளியே, நடைபாதையில் விதியை மீறி நிற்கும் எங்கள் தள்ளுவண்டி அவர் கண்ணில் படாமலா இருக்கும்? பேசாமல் விட்டால் கீரைக்கு எங்கே போவது?

"விடுமன், ஞாயிறில வாங்குவம்" என்றார் கணவர். ஞாயிறும் அவருக்கு வேலை.

மறுநாள் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அன்ரியும் லிப்டில் ஏறினார். "நானும் வாறன். ஆனா வாய் திறக்க மாட்டன். திறந்தனெண்டால் இருக்கிற வீடும் போயிடும்."

மனேஜரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். நான் யெஸ் என்றது உங்கள் பேச்சைக் கேட்டதற்கு, சம்மதத்துக்கு அல்ல. என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் விளங்காமல் பார்த்துவிட்டு, கரப்பானிலிருந்து மறுபடி தொடங்கினார். தொண்டை வரை வந்த யெஸ்ஸை விழுங்கினேன். தலை தானாக ஆடப்போனது. மகளின் தலையில் நாடியை ஊன்றி நிறுத்தினேன். பாதியில் அவரே நிறுத்தி, "நான் சொல்வது கேட்கிறதா?" என்றார்.

"கேட்கிறது. எனக்குச் சம்மதமில்லை. பிள்ளைக்கு அந்தக் கீரை வேண்டும்."

திருத்த வேலை தொடங்கும்வரை மேசை இருக்கலாம், ஆனால் அறைக்குப் பொறுப்பாக ஓராள் வேண்டும், ஒரு கரப்பானைக் கண்டாலும் அன்றோடு சரி என்றார். அன்ரி என் முதுகில் விரலால் குத்தினார். என் பெயரையும் வீட்டிலக்கத்தையும் சொன்னேன். அறைப் பூட்டின் திறப்பு என் கைக்கு வந்தது.

அடுத்த புதன் இரண்டு கட்டுப் பசளிக் கீரை வாங்கினேன். எல்லோரும் போனபின் அறையைக் கூட்டி, பூட்டி, இழுத்துப் பார்த்தேன். லிப்டுவரை போய்த் திரும்பி வந்தேன். கதவைத் திறந்து, மகளை இடுப்பில் வைத்தபடி குனிந்து, மேசைக்குக் கீழே மறுபடி பார்த்தேன்.